நேரில் கண்டது

ஜனவரி 9

அன்பு மருமகள் வக்கீலம்மாவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உனக்கு அப்போது நாலு வயது. பக்கத்து வீட்டுக்காரர் பூனைக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்துவிட்டார் என்று அவர் வாசலில் நின்று ஒரு மணி நேரம் வாதாடினாய். "அக்கா, இவ ஒரு நாள் சட்டசபையிலயே போய்ப் பேசுவா, எழுதி வச்சுக்க" என்றேன். அக்கா எழுதி வைக்கவில்லை, அது என் தப்பில்லை. இப்போது சட்டசபைக் குழுவே உன்னைக் கூப்பிட்டிருக்கிறது. எனக்கு ஆச்சரியமே இல்லை.

இங்கே அத்தை சௌக்கியம். நானும் சௌக்கியம், இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் உன் அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு திருத்துகிறாள். "ஒரு மணி நேரம் எங்க, பத்து நிமிஷம்" என்கிறாள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

என் பதவி உனக்குத் தெரியும். பதிவேட்டில் வாயில் காவலர். உண்மையில் நான் இல்லாவிட்டால் இந்த உதவித்தொகை அலுவலகமே இல்லை. காலையில் கதவைத் திறப்பது நான், டோக்கன் கொடுப்பது நான். உதவித்தொகை வாங்குகிற ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரில் வந்து, தான் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். கால் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வராதவர்களுக்குத் தொகை நின்றுவிடும். இந்த வரிசையைப் பற்றி எழுத உன் பல்கலைக்கழகத்தில் எத்தனை பேர் இருந்தாலும், இருபத்திரண்டு வருடமாக அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான்.

நீ அனுப்பிய முப்பத்தாறு படிவங்களையும், வரிசையில் நின்ற ஆளுக்கு ஒன்றாக, நிரப்பி அனுப்பியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்தா இது என்று உன் துறையே அசந்து போகும். கடைசிப் படிவத்தை நிதானமாகப் படி. கடிகாரம் ரிப்பேர் செய்கிற பெரியவர். இரண்டு கம்பு ஊன்றித்தான் நடப்பார். நவம்பரில் ஒரு நாள் கொட்டுகிற மழையில் வந்தார். நாற்பத்தொன்றாம் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு மதியம் வரை உள்ளே பெஞ்சில் காத்திருந்தார். கூப்பிடவே இல்லை. எழுந்து எதிரே இருக்கிற பஸ் நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்தார். அங்கேயே உயிர் போய்விட்டது. டோக்கன் கையில் அப்படியே இருந்தது. இதைச் சொல், குழுவில் இருக்கிறவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள்.

அக்காவை மருந்தை மறக்காமல் சாப்பிடச் சொல்.

உன் பெருமையில் பாதிப் பங்கு கேட்கிற,
மாமா

ஜனவரி 18

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதமும் படிவங்களும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. பூனைக் கதையைப் படித்துக் காட்டினேன், சிரித்தாள். எனக்கு அப்போது நாலு இல்லை, எட்டு வயது என்றாள். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான் மாமா. நடக்க முடியாதவர்களை வரச் சொல்லாதீர்கள், அலுவலர் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கட்டும். இந்த ஒரு வரியைச் சட்டத்தில் சேர்க்க வைக்க ஐந்து வருடமாக அலைகிறோம். குழுவில் பதினோரு பேர். அதில் நாலு பேர் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கிறார்கள். அந்த நாலு பேருக்காகத்தான் எங்கள் அறிக்கை.

எங்கள் என்றால் நானும் என் அறையில் இருக்கும் தோழியும். அவளை எல்லோரும் 'அடிக்குறிப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். "மழை வருது" என்றால்கூட "யாரு சொன்னா?" என்று கேட்கிறவள். இப்போது அவளே கையெழுத்துக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறிதான் போடுகிறாள். ஆறு வருடமாக ஒரே மேசையில் இரண்டு பக்கம் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம்.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'நேரில் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா' என்று இருக்கிறதல்லவா? முப்பத்தாறிலும் 'கண்டது' என்றே குறித்திருக்கிறீர்கள். "உங்க மாமாவுக்குக் காதே கிடையாதா?" என்றாள். ரொம்ப நேரம் சிரித்தோம். பிறகு இன்னொன்றும் கேட்டாள். ஒரு நாளைக்கு நாற்பது டோக்கன்தான் என்று ஒரு சுற்றறிக்கை இருக்கிறதாம். அப்படியானால் நாற்பத்தொன்று எப்படி வந்தது? இதை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்

ஜனவரி 24

அன்பு வக்கீலம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததை ஒரு தடவை எழுதிவிடுகிறேன், இனி விஷயம்.

கேட்டதைத் திருப்பிச் சொல்ல நான் என்ன ரேடியோவா? என் கண்ணில் படாமல் இந்த வாசலில் ஒரு ஈ நுழைந்ததில்லை.

நாற்பதுதான். பித்தளை வில்லைகள், ஒன்றிலிருந்து நாற்பது வரை எண் அடித்தது, ஒரு மரப்பெட்டியில் இருக்கும். நாற்பதும் தீர்ந்தால் கதவைச் சாத்த வேண்டும், அது உத்தரவு. கடிகாரக்காரர் வந்தபோது தீர்ந்துபோயிருந்தது. வேறு ஒருவனாக இருந்தால் நாளைக்கு வா என்று சொல்லியிருப்பான். உன் மாமா என்ன செய்தேன் தெரியுமா? என் முழங்கால் மாத்திரை டப்பாவைக் கிழித்து, வட்டமாக வெட்டி, பேனாவால் 41 என்று எழுதிக் கொடுத்தேன். "பெரியவரே, உள்ள வந்து உக்காருங்க. எவன் கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

உன் அடிக்குறிப்பிடம் சொல். உத்தரவு காகிதத்தில் இருக்கும். இரக்கம் காகிதத்தில் இருக்காது.

ஒத்தடம் கொடுக்கிறேன்.

மாமா

பிப்ரவரி 10

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா நலம். நான் சரியாகத் தூங்குவதில்லை, அவ்வளவுதான்.

'இரக்கம் காகிதத்தில் இருக்காது' என்ற உங்கள் வரியை அறிக்கையில் அப்படியே சேர்த்துவிட்டேன். மாத்திரை டப்பாவும் இருக்கிறது. அந்த ஒரு பத்தியை எங்கள் துறைக் கூட்டத்தில் வாசித்தபோது, வழக்கமாகச் செல்போனை நோண்டுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். ஐந்து வருடப் புள்ளிவிவரத்துக்கு யாரும் நிமிர்ந்ததில்லை.

நேற்று அடிக்குறிப்புக்கும் எனக்கும் சண்டை. அந்தப் பத்தியை எடுக்கச் சொல்கிறாள். "எடுத்துட்டு இதைப் போடு" என்று ஒரு தாளை நீட்டினாள். நான் வாங்கவில்லை. "என் மாமாவைப் பொய்யன்னு சொல்றியா?" என்று கேட்டேன். "நான் யாரையும் எதுவும் சொல்லல. இதை ஒரு தடவை படிச்சுப் பாரு" என்றாள். படிக்கவில்லை. தாளை அவள் இழுப்பறையில் வைத்து மூடினாள். இன்று முழுக்க மேசைக்குக் குறுக்கே புத்தகங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இருபத்தாறாம் தேதி குழு கூடுகிறது. மாமா, ஒரே ஒரு முறை கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இது உங்கள் வார்த்தைதானே?

உங்கள் மருமகள்

பிப்ரவரி 15

அன்பு மருமகளுக்கு,

என் வார்த்தைதான். கல்லில் வெட்டி வைத்துக்கொள்.

உனக்கு மனக்கஷ்டம் வேண்டாம் என்று ஒன்றை எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதாவிட்டால் நான் மாமா இல்லை. உன் தோழி போன மாதக் கடைசியில் இங்கே வந்திருந்தாள். உனக்குச் சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள். எங்கள் அதிகாரியின் அறையில் முக்கால் மணி நேரம் இருந்தாள். தேநீர் இரண்டு தடவை போயிற்று. வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு அரசியல் தெரியாது, ஆனால் ஆளைப் பார்த்தால் தெரியும். எங்கள் துறையில் புதிதாக ஆலோசனைக் குழு போடுகிறார்களாம், ஒரு நாற்காலி காலியாம். நான் எதையும் சொல்லவில்லை. நீயே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்.

நன்றாகச் சாப்பிடு. குழுவில் நிமிர்ந்து உட்கார், அக்காவைப் போலத் தோளைத் தொங்கவிடாதே.

மாமா

மார்ச் 3

மாமாவுக்கு,

அம்மா நலம்.

எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்று கடைசிவரை காலியாக இருந்தது. அறிக்கையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி அவள் முந்தின நாளே குழுவுக்கு எழுதிவிட்டாள். நகலை என் மேசையில் வைத்திருந்தாள். காரணம் எதுவும் இல்லை, கீழே நட்சத்திரம் மட்டும்.

நான் பேசினேன். மாத்திரை டப்பா வரும்வரை நன்றாகத்தான் போயிற்று. அந்த நாலு பேரில் ஒரு அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு உங்கள் துறை இயக்குநர் எழுந்தார். கூடவே ஒரு மரப்பெட்டி கொண்டுவந்திருந்தார். உங்கள் பெட்டிதான். வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாய்விட்டு எண்ணி, மேசைமேல் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாற்பதும் முடிந்ததும் பெட்டியைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினார். "நாப்பத்தொண்ணு எங்கம்மா?" என்றார்.

அட்டையில் எழுதிக் கொடுத்தது என்றேன். "அட்டையைக் காட்டுங்க" என்றார். அன்றைக்கு அப்படி ஒருவர் அலுவலகத்துக்குள் வந்ததாகவே பதிவு இல்லையாம். "பஸ் நிறுத்தத்துல ஒருத்தர் இறந்தது வருத்தம்தான். பஸ் நிறுத்தம் என் துறையில இல்லையே" என்றார். சிரித்தார்கள். எழுதுவதை நிறுத்தியிருந்த அந்த அம்மாவும் சிரித்தார்.

வெளியே தாழ்வாரத்தில் நிருபர்கள், உங்க கூட இருந்தவங்க ஏன் வரல என்று கேட்டார்கள். "அவங்க விலை போயிட்டாங்க" என்றேன். மறுநாள் பத்திரிகையில் அதுதான் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

இருபத்திரண்டாம் தேதி இன்னொரு அமர்வு இருக்கிறது. அன்று முடிவெடுத்துவிடுவார்கள். அந்த அட்டை எங்கே இருந்தாலும் அனுப்புங்கள். இல்லையென்றால் நீங்களே வாருங்கள். வந்து எனக்கு எழுதியதை அங்கே சொன்னால் போதும்.

மருமகள்

மார்ச் 14

அன்பு வக்கீலம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் அந்த இயக்குநருக்கு அந்த நாற்பதையும் எண்ணி எண்ணித் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் உத்தியோகத்தில் சேர்ந்தபோது கோப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றவர், அதுவும் நான் பார்த்ததுதான்.

அட்டை கடிகாரக்காரரின் சட்டைப் பையிலேயே போய்விட்டது. அவரோடேயே போயிருக்கும். அதை இப்போது எங்கே போய்க் கேட்பது?

வந்துவிடுவேன், முழங்கால்தான் விடமாட்டேன் என்கிறது. மருத்துவர் பயணமே கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டார். அத்தைக்கும் தலைசுற்றல்.

அந்தப் பெண்ணை நம்பாதே என்று அப்போதே சொன்னேன்.

மாமா

மார்ச் 17

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தோடு ரயில் சீட்டு வைத்திருக்கிறேன். கீழ்ப் படுக்கை, கால் நீட்டிக்கொள்ளலாம். நிலையத்தில் சக்கர நாற்காலிக்குச் சொல்லியிருக்கிறேன். இருபத்தொன்றாம் தேதி காலை நான் நடைமேடையில் நிற்பேன்.

மே 6

அன்பு மருமகளுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில் தாங்கவில்லை. அத்தை சன்னலுக்குப் புதுத் திரை தைத்திருக்கிறாள், பச்சை நிறம்.

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வேலை அதிகமாக இருக்கும். அக்காவுக்குப் போன் செய்தேன், நீ வெளியே போயிருக்கிறாய் என்றாள். நாலு தடவையும் நீ வெளியேதான் போயிருந்தாய்.

அந்த வரியைச் சட்டத்தில் சேர்க்கப்போவதில்லை என்று பத்திரிகையில் பார்த்தேன். இப்படித்தான் முடியும் என்று எனக்குத் தெரியும். உள்ளே இருந்தே கழுத்தறுத்தால் எந்த நல்ல காரியம் நிற்கும்? இன்னும் சின்ன வயது உனக்கு, வேறு சட்டம் வரும்.

கதவருகே ஒரு புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். 'ஒரு நாளைக்கு நாற்பது பேர் மட்டும்' என்று பெரிய எழுத்தில். முன்பு வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது கையைக் காட்டினால் போதும்.

ரயில் சீட்டு பத்திரமாக இருக்கிறது.

மாமா

மே 30

மாமாவுக்கு,

அம்மா நலம். அத்தையின் தலைசுற்றலைப் பற்றி அம்மா போனில் விசாரித்தாளாம். எனக்கு எப்போ தலை சுத்திச்சு என்று அத்தை கேட்டாளாம்.

என் தோழி போன வாரம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள். ஆலோசனைக் குழுவில் எந்த நாற்காலியும் அவளுக்கு இல்லை. அவள் கேட்கவும் இல்லை. பத்திரிகையில் வந்ததற்குப் பிறகு அவளுடைய மாணவர்கள் அவளைப் பார்த்தால் எழுந்து நிற்பதை நிறுத்திவிட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். "எதுக்கு? ஆதாரம் கிடைச்சுதா?" என்றாள். தன் பக்கத்துப் புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

இழுப்பறையில் அந்தத் தாள் இருந்தது. பிப்ரவரியில் நான் வாங்காத தாள். பஸ் நிறுத்தத்தில் பத்திரிகை விற்கிறவரோடு அவள் பேசி எழுதியது. 'நேரில் கண்டது' என்ற இடத்தில் குறி போட்டிருக்கிறாள், அவர் பார்த்ததை மட்டும். அதில் என்ன இருக்கிறது என்று நான் உங்களுக்கு எழுதப் போவதில்லை.

அந்தப் பத்தி எனக்கு வேண்டியிருந்தது. அதனால்தான் உங்களை ஒரே ஒரு முறை கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். ஒன்றுதான்.

ஜூன் 21

அன்பு மருமகளுக்கு,

அத்தை சௌக்கியம். நான் இருக்கிறேன்.

படிவம் மூன்று வாரமாக டோக்கன் பெட்டிக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு நாளும் நாற்பதாவது வில்லையை எடுக்கும்போது அதன் ஓரம் தெரியும். கட்டங்கள் சின்னதாக இருப்பதால் இங்கே எழுதுகிறேன். நீ அதில் நிரப்பிக்கொள்.

நவம்பர் பதினாலு. காலை எட்டரை தாண்டி ஐந்து நிமிடம். நாற்பதும் கொடுத்து முடித்துவிட்டேன். உள்ளே வரிசை நிற்கிறது. கடிகாரக்காரர் தெருவைத் தாண்டி வருவதை நான் பார்த்தேன். இரண்டு கம்பு, தலையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவர் வந்து சேருகிறவரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன், முகத்துக்கு நேரே. அவர் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு பாருப்பா" என்றார்.

நான் சொன்னேன், "கடிகாரக்காரருக்கே டைம் தெரியலேன்னா நாங்க யாரைக் கேக்கறது?"

வரிசையே சிரித்தது. எனக்கு அது பிடித்திருந்தது, அதனால் இன்னொரு தடவை சொன்னேன். அவரும் சிரித்தார். "சரிப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து என் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பஸ் வந்தது, ஏறவில்லை. மனசு மாறித் திறப்பேன் என்று இருந்தார் போலிருக்கிறது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மதியம் அங்கே பத்திரிகை விற்கிறவர் போட்ட சத்தத்தைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். அன்றைக்கும் மறுநாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை கேட்டாள், பல்வலி என்றேன்.

உன் தோழி வந்தபோது அதிகாரியிடம் போவதற்கு முன்னால் என்னிடம்தான் வந்தாள். "அட்டை டோக்கன் நீங்க கொடுத்ததா?" என்றாள். ஆமாம் என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "மாமா, நீங்களே அவகிட்ட சொல்லிட்டா நல்லது" என்றாள். மாமா என்றுதான் கூப்பிட்டாள். பத்து நாள் எனக்காகப் பொறுத்திருக்கிறாள். வெளியே போகும்போது அவள் சிரிக்கவில்லை.

அந்த இயக்குநர் நாற்பது வில்லையை எண்ணி வைத்தபோது, "ஆமா, நாப்பதுதான், அதனாலதான் அவர் வெளிய உக்காந்து செத்தாரு" என்று நீ சொல்லியிருக்கலாம். அதோடு வழக்கே முடிந்திருக்கும். அந்த வாக்கியத்தை உன் வாயிலிருந்து பிடுங்கினது நான். கதவைச் சாத்தினவனை வெளியே எடுத்துவிட்டு, டோக்கன் கொடுத்தவனை உள்ளே வைத்தேன். உன் அறிக்கையில் நல்லவனாக வர வேண்டும் என்று ஆசை, வேறு ஒன்றும் இல்லை.

இதை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். அவள் ஒரு இடத்திலும் திருத்தவில்லை.

ரயில் சீட்டு காலாவதியாகிவிட்டது, நானே வேறு வாங்குகிறேன். குழு கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பெண்ணின் புதுக் கல்லூரி எங்கே என்று மட்டும் எழுது. முழங்கால் அவ்வளவு மோசமில்லை.

கடைசிக் கட்டம்: நேரில் கண்டது.

மழை பெய்தது உண்மை. கம்புகள் உண்மை. மூன்று பஸ்ஸும் உண்மை. நாற்பத்தொன்று என்று ஒரு டோக்கனை நான் வெட்டவே இல்லை. அது நான் சேர்த்தது.

மாமா